குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த நாய்



உவர்மலையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் மூன்று கிழமையாக என் மேசையில் கிடக்கிறது. முதல் பக்கம் முழுக்க நம் இதழைப் பற்றிய நல்ல வார்த்தைகள். பக்கத்தைத் திருப்பினால்தான் சொல்லவந்த விஷயம் வருகிறது. "ஐயா, கேட்கவே வெக்கமாக் கிடக்கு. எங்கட நாய் தன்ர பீயையே தின்னுது. அவர் அடிக்கிறார், பிள்ளையள் அழுகுதுகள். வீட்டுக்கு வாற சனம் நாய்ப்புத்தி எண்டு சிரிக்குதுகள். இதுக்கு மருந்து ஏதும் இருக்கோ?"

வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. எங்கள் வீட்டு மணியும் தின்னும். அதற்குப் பிடித்தது மான் புழுக்கை. விடியற்காலையில் அதைக் கூட்டிக்கொண்டு கோட்டை வாசல் பக்கம் நடக்கப் போவேன். பிரட்றிக் கோட்டை மான்கள் இரவில் இறங்கிவந்து படுத்துக் கிடந்த புல் இன்னும் மடிந்தபடியே இருக்கும். மணியின் காது பின்னால் சாயும், மூக்கு தரையோடு ஒட்டும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, ஒவ்வொரு புழுக்கையாக, சத்தமில்லாமல் எடுக்கும். கூப்பிட்டால் கேட்காதது போல் நிற்கும். கடலைப் பார்க்க வந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்கிறவர்கள் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்... மிச்சத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள். என் அப்பாச்சியிடம் கேட்டு வளர்ந்த பழமொழி அது. ஆனால் அதை நாயைக் குறித்துச் சொல்லக் கேட்டதைவிட மனிதரைக் குறித்துச் சொல்லக் கேட்டதே அதிகம். ஏழை வீட்டுப் பிள்ளை படித்து உத்தியோகத்துக்குப் போனால், அதன் ஒரு சின்னப் பிழையைப் பார்த்துவிட்டு அந்தப் பழமொழியை எடுத்து வீசுவார்கள். பிறந்த குணம் போகாது என்று ஆளை அடக்கி உட்காரவைக்கிற வார்த்தை அது. நாய் கீழான குணத்தால் பீயைத் தின்னவில்லை என்று தெரிந்தால், அந்தப் பழமொழி நிற்கிற நிலமே ஆடிப்போகும். அதனால்தான் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

குட்டி போட்ட தாய்நாயைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் இரண்டு மூன்று கிழமைக்குக் குட்டிக்குத் தானாக மலம் கழிக்கத் தெரியாது. தாய் அதன் வயிற்றையும் பின்புறத்தையும் நக்கிவிடும். வருவதைத் தானே தின்றுவிடும். படுக்கை காய்ந்து சுத்தமாக இருப்பதும், மணம் பிடித்து வேறு மிருகம் வராமல் இருப்பதும் அதனால்தான். நாங்கள் அருவருப்பு என்று சொல்வதைத் தாய்நாய் பிள்ளை வளர்ப்பாகச் செய்கிறது. அதைப் பார்த்து வளர்கிற குட்டிகளும் வாய்வைத்துப் பார்க்கும். அவற்றில் பல வளரவளர விட்டுவிடும், சில விடாது.

ஏன் சில விடுவதில்லை என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் ஆராய்ந்தார். நாய் வளர்ப்பவர்கள் ஏறக்குறைய 3,000 பேரிடம் கேட்டுத் திரட்டிய விவரங்களைத் தன் குழுவினரோடு 2018இல் வெளியிட்டார். நூற்றுக்கு 16 நாய்கள் குறைந்தது ஆறு தடவையாவது தின்றதை வளர்ப்பவர்கள் கண்டிருந்தார்கள். ஆறு நாய்க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது, சாப்பாட்டு வகை, வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழக்கியிருந்தார்களா என்பது, எதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. சாப்பாட்டைக் கண்டால் பாய்ந்து விழுங்கும் சுபாவமுள்ள நாய்களிடம்தான் இது கூடுதலாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவை தின்பது பெரும்பாலும் இரண்டு நாளைக்கு உட்பட்ட புதுப் பீ.

இந்த இரண்டு நாள் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. குடற்புழுக்கள் பலவற்றின் முட்டை மலத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து வளர அதற்குச் சில நாளோ சில கிழமையோ வேண்டும். நாயின் முன்னோரான ஓநாய்கள் தாங்கள் குடியிருந்த பொந்தைச் சுற்றிக் கிடந்ததை, புழு வளர்வதற்கு முன்பே தின்று அப்புறப்படுத்தியிருக்க வேண்டும் என்பது ஹார்ட் தரும் விளக்கம். கூட்டத்தைக் காக்க வந்த பழக்கம் அது. பொந்து போய்விட்டது, பழக்கம் மட்டும் நம் முற்றம்வரை வந்திருக்கிறது.

புழு என்றதும் நினைவுக்கு வருகிறது. நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும் கொளுக்கிப் புழு ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே வைத்திருக்கிறார்கள்: அன்சைலொஸ்டோமா சிலானிக்கம். இலங்கைப் புனுகுப்பூனையில் கிடைத்த புழுவைப் பார்த்து ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் 1911இல் இட்ட பெயர். கொளுக்கிப் புழுவின் குஞ்சு ஈரமணலில் உயிரோடு கிடந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். கடற்கரை மணலில் செருப்பில்லாமல் ஓடுகிற நம் பிள்ளைகளை நினைத்தால், நாய்ப் பீயை எடுத்துப் போடுவது நாயின் நன்மைக்கு மட்டும் இல்லை என்பது விளங்கும்.

இனி அந்தத் தாய் கேட்ட மருந்து. இதற்கென்று விற்கப்படும் பொடிகள், குளிசைகளில் 11 வகையை ஹார்ட்டின் குழு விசாரித்தது. பயன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை. அன்னாசித் துண்டு கொடுக்கச் சொல்லும் ஊர் வைத்தியத்தையும் நான் நம்பவில்லை. பீயின் மேல் மிளகாய்த்தூள் தூவுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் செய்யக்கூடாத வேலை. நாயின் வாயும் வயிறும்தான் புண்ணாகும்.

கைகண்ட வழி ஒன்றுதான்: நாய்க்கு முன்னால் நாங்கள் எடுத்துவிடுவது. பெரும்பாலான நாய்கள் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் போகும். அந்த நேரத்தைப் பார்த்துவைத்து, மண்வெட்டியோ சொப்பின் பையோ கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிடுங்கள். வளவின் ஒரு மூலையில் ஆழமாகப் புதையுங்கள், கிணற்றடிக்குக் கிட்ட வேண்டாம். நம்முடையது மணல் நிலம், மழைத் தண்ணீர் எதையும் கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நாயைக் கட்டிவைப்பதையும் பாருங்கள்: காலையில் கட்டிய நாயை இரவில்தான் அவிழ்க்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! சங்கிலி எட்டுகிற வட்டத்துக்குள்ளேயே தின்று, பேண்டு, படுத்து, பொழுது போகாமல் கிடக்கிற நாய் வேறு எதைத்தான் செய்யும்? காலையும் மாலையும் கால்மணி நேரம் அதை வெளியே நடத்திக் கூட்டிப் போங்கள்.

அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதையும்தான். சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவருகிற மனிதனைக் கண்டால், பறிக்க வருகிறான் என்று நினைத்து நாய் இன்னும் வேகமாக விழுங்கும். பிறகு உங்கள் கண்ணுக்கு மறைவாகப் போய்த் தின்னப் பழகும். மணியை நானும் ஒரு நாள் அடித்தேன். அடுத்த ஒரு கிழமை அது என் கைக்குக் கிட்ட வரவேயில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அடிக்குப் பதிலாக "விடு" என்ற ஒரு சொல்லைப் பழக்கினேன். உப்பில்லாமல் அவித்த சூரை மீனைச் சின்னத் துண்டுகளாக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். முதலில் வீட்டுக்குள்ளே, ஒரு பாண் துண்டைக் காலால் மூடிக்கொண்டு "விடு" என்பேன். அது மூக்கை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிற அந்தக் கணத்தில் சூரைத் துண்டு வாய்க்குள் போகும். பிறகு முற்றத்தில், பிறகு படலைக்கு வெளியே. கோட்டை வாசல் புல்லில் அந்தச் சொல் வேலை செய்ய நான்கு மாதம் பிடித்தது. இன்றும் பத்துக்கு ஏழு தடவைதான் கேட்கும், மற்ற மூன்றுக்குச் சங்கிலியை இழுக்க வேண்டும். இந்தப் பயிற்சியும் எல்லா நாய்க்கும் பலிக்காது. பீயை எடுத்துப் போடுவதை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

வளர்ந்த நாய் ஒன்று திடீரென்று இதைத் தொடங்கினால் மட்டும் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எவ்வளவு தின்றாலும் மெலிந்துகொண்டே போகிறதா, மலம் வெளிறி எண்ணெய்ப் பசையாக நிறையப் போகிறதா என்று பாருங்கள். சதையியில் சமிபாட்டு நொதியங்கள் சுரக்காத நோய் அப்படித்தான் காட்டும், அல்சேஷன் நாய்களில் அது கூடுதல். குடல் நிறையப் புழு, நீரிழிவு, தோல் வருத்தத்துக்குக் கொடுக்கிற ஸ்டீரொயிட் குளிசை, இவையும் தீராத பசியைக் கிளப்பும். சில வீடுகளில் காரணம் வெறும் பட்டினி. ஒரு நேரச் சோறும் குழம்பு வழித்த சட்டியும் ஒரு நாயின் நாளுக்குக் காணாது. இருப்பதை இரண்டு நேரமாகப் பிரித்து, ஒரு மீன் துண்டோ முட்டையோ சேர்த்துக் கொடுங்கள்.

தன் பீயைத் தின்கிற நாய்க்கு அதனால் பெரும்பாலும் ஒரு கெடுதலும் வராது. மற்ற நாய்களுடையதில்தான் ஆபத்து. பார்வோ வைரஸ் அதன் வழியாகப் பரவும், குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுங்கள். தின்ற கையோடு வந்து பிள்ளைகளின் முகத்தை நக்க விடாதீர்கள்.

உவர்மலை அம்மாவுக்கு இன்னும் ஒன்று. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் ஓரிடத்திலாவது உங்கள் நாயின் பெயர் இல்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்