அப்பாவும் எங்க வீட்டு சோபாவும்

அப்பா நவம்பரில் டொராண்டோ வந்தார். கும்பகோணத்தில் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கி வருகிற மனுஷன், இங்கே பனிக்கு பயந்து சோபாவும் டிவியுமா ஆயிட்டார். தண்ணி எடுக்க எழுந்தால்கூட, "நீங்க உட்காருங்கப்பா, நான் கொண்டு வரேன்" என்போம். பாசம்தான்.

தைப்பூசத்தன்று கோவிலில் தரையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியலை. ரெண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினோம். "கால் மரத்துப் போச்சுடா" என்று சிரித்தார். காரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்பில் கோளாறு இல்லை, தொடைத் தசை பலவீனமாயிருக்கு, வைட்டமின் டி-யும் குறைவு" என்றார். நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஒன்று ஏன் ஓடலைன்னு தெரியணும்னா, அது எப்படி ஓடுதுன்னு முதலில் தெரியணும். படிக்க உட்கார்ந்தேன்.

தசை சுருங்குதுன்னு சொல்றோமே, உள்ளே இருக்கிற இழைகள் சுருங்குவதே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. 1954-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி குழுவும் ஹியூ ஹக்ஸ்லி குழுவும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். பெயர்தான் ஒன்று, இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை.

கிணற்றில் வாளி இழுப்பதை நினைச்சுக்குங்க. ஆக்டின் என்பது கயிறு, மயோசின் என்பது கைகள். நரம்பு வழியாக உத்தரவு வந்ததும் தசைக்குள் கால்சியம் வெளியாகும். அது கயிற்றின் மேலிருக்கும் தடையை விலக்கும். கைகள் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பிடியை விடுவதற்கே ஏடிபி என்ற எரிபொருள் வேணும். செத்த உடம்பு விறைத்துப் போவதும் இதனால்தான். ஏடிபி தீர்ந்தால் பிடி விடாது.

இதெல்லாம் அப்பாவுக்கு நல்லாத்தான் நடக்குது. ஆனால் இழுக்க வேலையே இல்லாத தசையை உடம்பு வெச்சுக் காப்பாத்தாது, இழைகளைக் குறைச்சுடும். வயசானவங்களுக்கு அது இன்னும் வேகமா நடக்கும். தட்டில் பருப்பும் முட்டையும் குறைந்து, வெயிலும் படலைன்னா கேட்கவே வேண்டாம். கனடாவின் பனிக்கால வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிப்பது அரிது.

நல்ல சேதியும் இருக்கு. பாஸ்டனில் நடந்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 90 வயதான முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது!

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நாங்களும் ஆரம்பித்தோம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அவ்வளவுதான். முதல் நாள் கை ஊன்றி அஞ்சு தடவை. ஆறு வாரத்தில், கை ஊன்றாமல் பத்து. முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருத்ததால் இல்லையாம். நரம்பு இன்னும் நிறைய இழைகளை வேலைக்குக் கூப்பிடப் பழகுவதால்தானாம்.

உங்க வீட்டிலும் அப்பா அம்மா வந்திருக்காங்களா? உட்காரச் சொல்லி அவங்களை பலவீனமாக்கிடாதீங்க. நான் அதைத்தான் செய்துட்டிருந்தேன்.

நேத்து ராத்திரி அப்பா தண்ணி எடுக்க எழுந்தார். பழக்கதோஷத்தில் நானும் பாதி எழுந்தேன். "உனக்கும் வேணுமாடா?" என்றார். "ஆமாப்பா" என்று சொல்லி உட்கார்ந்துட்டேன்.