பள்ளிவாசல் தெரு வாப்பா



வளர்ந்துவிட்ட உங்கள் பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: "உங்கள் பாட்டனாரைப் பற்றி உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது?" அவர் சொன்ன அறிவுரைகளை அவர்கள் பட்டியலிட மாட்டார்கள். அவர் எப்போது எழுந்தார், வாசலுக்கு வந்தவரை எப்படி வரவேற்றார், கோபத்தை எப்படி விழுங்கினார் என்றுதான் சொல்வார்கள். சொன்னவை மறந்து போகின்றன. அன்றாடம் செய்தவை நின்று விடுகின்றன.

இம்மாதம் அப்படி நின்று விட்ட ஒரு தந்தையை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன். இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த மர்ஹூம் ஜனாப் ஜைனுலாப்தீன் அவர்கள்தாம் அவர். 2002 முதல் 2007 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் தந்தையார். மகனின் வாழ்க்கை வரலாறு 1999ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்து, 'அக்னிச் சிறகுகள்' என்னும் பெயரில் தமிழுக்கும் வந்தது. அந்நூலைப் படித்தவர்கள் ஏவுகணைகளை மறந்தாலும் அந்த வாப்பாவை மறக்க மாட்டார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டு அப்பெரியவர் வபாத்தானபோது அவருக்கு வயது 102. அப்துல் கலாம் பிறந்ததோ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். அப்படியென்றால் கடைக்குட்டி மகனைக் கையில் ஏந்தியபோது தந்தையின் வயது ஐம்பத்தேழை ஒட்டியிருக்கும்! நம்மில் பலர் பேரப்பிள்ளையைக் கொஞ்சுகின்ற வயது அது. "இனி ஓய்வுதான்" என்று சாய்வு நாற்காலியைத் தேடுகின்ற வயதும் அதுவே.

அவர் நாற்காலியைத் தேடவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுவார். பஜ்ருத் தொழுகையை நிறைவேற்றுவார். பின்னர் வீட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் இருந்த தம்முடைய சிறிய தென்னந்தோப்புக்கு நடந்தே செல்வார். பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பி வந்த பிறகுதான் காலை உணவு. அறுபது வயதைத் தாண்டி எழுபதை நெருங்கிய காலத்திலும் இந்த வழக்கத்தை அவர் கைவிடவில்லை. "உழைத்து உண்" என்று மகனை உட்கார வைத்து அவர் பாடம் நடத்தவில்லை. விடியற்காலையில் வாசலைக் கடந்து போகும் அந்த உருவமே பாடமாயிற்று.

அவர் பெரும் படிப்பாளி அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். தேவையற்ற ஆடம்பரம் எதுவும் அவ்வில்லத்தில் இல்லை. ஆனால் உணவுக்கோ, உடைக்கோ, மருந்துக்கோ குறைவில்லை. அன்னை ஆஷியம்மாவின் கையால் உண்ட வெளியாரின் எண்ணிக்கை, குடும்பத்தார் எண்ணிக்கையைக் காட்டிலும் மிகுதி என்று மகன் எழுதியிருக்கின்றார். இராமேஸ்வரம் திருக்கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய உற்ற நண்பர். இருவரும் அவரவர் மரபுக்குரிய உடையில் அமர்ந்து ஆன்மிகம் பேசியதைச் சிறுவர் கலாம் கண்டிருக்கின்றார். மத நல்லிணக்கத்திற்கு இதைவிட வேறு பாடநூல் வேண்டுமா?

மாலைத் தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, பல மதத்தவரும் கிண்ணத்தில் தண்ணீருடன் காத்திருப்பார்கள். அவர் அதில் விரல் நுனியை நனைத்து துஆ ஓதிக் கொடுப்பார். நோயாளிக்குக் கொண்டு செல்வார்கள். குணமடைந்தவர்கள் வீடு தேடி வந்து நன்றி சொன்னால், அவர் புன்னகைத்து, "அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள்" என்பார். புகழ் தம் வாசற்படி வரை வந்தபோதும் அதை உள்ளே அழைத்துக் கொள்ளாத மனிதர் அவர்!

இத்தனை கனிவுடையவர் மகனைக் கண்டித்ததே இல்லையா? கண்டித்ததுண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னர் அவர் இராமேஸ்வரம் பஞ்சாயத்து போர்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருநாள் அவர் தொழுகைக்குச் சென்றிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் தாம்பாளத்தில் அன்பளிப்புடன் வந்தார். பாடம் படித்துக் கொண்டிருந்த மகன், கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போகுமாறு கூறிவிட்டார். திரும்பி வந்த தந்தை, விலையுயர்ந்த துணியும் பழமும் இனிப்பும் இருக்கக் கண்டார். அன்றுதான் மகன் அவரிடம் முதன்முதலாக நன்றாக அடி வாங்கினார். பிறகு அழுத பிள்ளையின் தோளை அன்போடு தொட்டு, பதவியில் இருப்பவனுக்கு வரும் பரிசின் பின்னால் ஒரு நோக்கம் ஒளிந்திருக்கும் என்று விளக்கினார். அந்த அடி கசப்பாக நிற்கவில்லை, காப்பாக நின்றது. நாட்டின் மிக உயர்ந்த மாளிகையில் வாழ்ந்த காலத்திலும் மகன் அதை மறக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கொள்ளுதல் எளிது. விட்டுக் கொடுத்தல் அரிது. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற சமயம், இராமநாதபுரம் சென்று படிக்க மகன் அனுமதி கேட்டார். தாய் தயங்கினார். வளர வேண்டுமானால் பிரிந்துதான் ஆக வேண்டும் என்பதைத் தந்தை உணர்ந்திருந்தார். பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று அல்ஃபாத்திஹா ஓதினார்; பின் மகனை ரயிலேற்றி அனுப்பினார். பல்லாண்டுகள் கழித்து அதே மகன் அமெரிக்காவின் நாசாவுக்குப் பயிற்சிக்குச் செல்லவிருந்த போதும், அழைத்துச் சென்ற இடம் அதே பள்ளிவாசல்தான். அங்கே நன்றி கூறிச் சிறப்புத் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார். மகன் வீட்டை விட்டுப் போன இரண்டு பயணங்களும் இறையில்லத்தின் வாசல் வழியாகவே நடந்தன.

பதினைந்து பேரப்பிள்ளைகளையும் ஒரு கொள்ளுப்பேரனையும் விட்டுவிட்டு அப்பெரியவர் மறைந்தார். மகன் தும்பாவிலிருந்து வந்து தாயாரின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்தார், பேச்சு எழவில்லை. விடைபெறும்போது தாயார் தழுதழுத்த குரலில் வாழ்த்தி அனுப்பினார். கணவர் வாழ்ந்த வீட்டை விட்டு அவர் வருவதாக இல்லை. கடமையை விட்டு இவர் தங்குவதற்கும் இல்லை. இந்த இடத்தைப் படிக்கும்போது யார் கண்தான் கலங்காது?

அன்புச் சகோதரர்களே! நம் வீடுகளில் பல வாப்பாக்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து இருக்கின்றனர். அவர்கள் விடியலில் எழுவதைக் காணும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு இல்லை. அதை எண்ணி அவர்கள் வருந்துவதும் எனக்குத் தெரியும். ஆனால் விடுமுறையில் வருகின்ற அந்தச் சில வாரங்களில் பிள்ளைகள் உங்களையே உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கின்றனர். பெட்டியில் என்ன கொண்டு வந்தீர்கள் என்பதை ஒரே வாரத்தில் மறந்து விடுவார்கள். பாங்கு கேட்டதும் எழுந்தீர்களா, அவர்களுடைய தாயிடம் எப்படிப் பேசினீர்கள், வாசலில் நின்ற ஏழையை எப்படி நடத்தினீர்கள் என்பதை மறக்க மாட்டார்கள்.

வீட்டில் பாட்டனார் இருந்தால், அவரைத் திண்ணையில் தனியே விட்டு விடாதீர்கள். பேரனை அவர் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்கு நடக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறிய நடை நாளைக்கு அவனுக்குப் பெரிய துணையாகும்.

2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மகனும் மறைந்தார். உலகெல்லாம் சுற்றிய அவரது உடல், தந்தை தேங்காய் சுமந்து நடந்த அதே இராமேஸ்வரத்து மண்ணில் அடங்கியிருக்கின்றது. அவ்விருவருடைய பிழைகளையும், நம்மை வளர்த்து ஆளாக்கிச் சென்ற நம் தந்தையர், பாட்டன்மார் பிழைகளையும் வல்ல அல்லாஹ் மன்னித்து, மேலான சுவனபதியை அருள்வானாக! ஆமீன்.