வேனில் இருக்கட்டும், ஓட்டத்தில் வேண்டாம்

2021 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பெண்ட் நகரில் நடந்த பள்ளித் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓடிய மாணவி ஒருத்தி, முடிவுக்கோட்டை நெருங்கும்போது சுருண்டு விழுந்தாள். முகத்தில் கவசம் இருந்தது. கொரோனா காலத்து மாநில விதி அப்படி. சில நாட்களில் விதியைத் திருத்தினார்கள்: உடல் உரசாத வெளிப்புற விளையாட்டுகளில், இடைவெளி இருந்தால் போட்டியின்போது கழற்றிக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளை விழுந்த பிறகுதான் விதி மாறியது என்பது உறுத்துகிறது. அதற்கு எட்டு மாதம் முன்பே, 2020 ஆகஸ்டில், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து இதை எழுதிவிட்டன. ஐந்து வயது வரையுள்ளோருக்குக் கட்டாயம் வேண்டாம், 6 முதல் 11 வரை சூழலைப் பார்த்து முடிவு செய்க, 12 வயதிலிருந்து பெரியவர்களைப் போல. ஆனால் ஓடியாடி விளையாடும் நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஏறக்குறைய நேர்மாறாகச் சொன்னது: பயிற்சியிலும் போட்டியிலும் அணிய வேண்டும், நீச்சல், மல்யுத்தம், கருவிகளில் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இரண்டும் பெரிய அமைப்புகள். நடுவில் விசிலோடு நின்றவர் பி.டி. ஆசிரியர்.

நம் நாட்டிலும் குறிப்பு இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் உடற்பயிற்சிக் கூடங்களுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சியின்போது கவசம், குறிப்பாக என்-95, மூச்சுத் திணறலைத் தரலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. மூடிய கூடத்தில் பெரியவர்களுக்கே இந்த எச்சரிக்கை என்றால், திறந்த மைதானத்தில் பிள்ளைகளுக்கு எதற்குக் கெடுபிடி?

திறந்தவெளி பற்றிய சான்று ஓரளவு வலுவானது. 2020 தொடக்கத்தில் சீனாவின் 320 நகரங்களின் பதிவுகளைத் துழாவிய ஆய்வாளர்கள், மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோருக்குத் தொற்றிய 318 பரவல்களைக் கண்டார்கள். அவற்றில் ஒன்றுகூடத் திறந்தவெளியில் நிகழவில்லை. வெளியில் பரவியதாகத் தெரிந்தது இரண்டே பேர் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்வு. மாறாக, 2020 ஜூனில் புளோரிடாவின் டாம்பா பகுதியில் உள்ளரங்கப் பனித்தளத்தில் நடந்த ஒரே ஒரு ஹாக்கி ஆட்டத்தில், களத்திலிருந்த 22 பேரில் ஒருவரைத் தொடர்ந்து மேலும் 13 வீரர்களும் தள ஊழியர் ஒருவரும் நோயுற்றார்கள். விளையாட்டின் பெயரை விட, தலைக்கு மேல் கூரை இருந்ததா என்பதுதான் கணக்கு. வெளியில் தொற்றியதைத் தடம் பிடிப்பது கடினம், ஆகவே எண்கள் கொஞ்சம் குறைந்து காட்டலாம். அதைக் கழித்தாலும் இந்த இடைவெளி பெரியது.

மூச்சு, இதயம் பற்றிய ஆய்வுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. ஜெர்மனியின் லைப்சிக்கில் 12 ஆரோக்கியமான ஆண்களை வைத்துச் செய்த சோதனையில் கவசம் உழைப்புத் திறனைக் குறைத்தது. கனடாவின் சஸ்கச்சுவானில் 14 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர்களிடம் எடுத்த அளவுகள். மே மாத வெயிலில், வியர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொண்ட துணியோடு ஓடும் பத்து வயதுப் பையனைப் பற்றி இவை அதிகம் பேசாது. 2020 வசந்த காலத்தில் சீனாவில் கவசத்தோடு ஓடிய மாணவர்கள் சிலர் இறந்த செய்தியையும் நிதானமாகவே கையாள வேண்டும். கவசம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அதை வாட்ஸ்அப்பில் பரப்புவது நம் வேலையும் அல்ல.

எல்லா விளையாட்டுக்கும் ஒரே விடை இல்லை என்பதற்குக் கபடியே போதும். திறந்தவெளி ஆட்டம்தான்; ஆனால் ரெய்டு போகிறவன் 30 விநாடி சத்தமாகப் பாடிக்கொண்டே எதிரணிக்குள் நுழைகிறான். நடுவர் காதில் பாட்டு விழ வேண்டும், அறுந்தால் ரெய்டு போச்சு. பிடி விழுந்ததும் நாலைந்து பேர் முகத்தோடு முகமாக அவன்மேல் கிடக்கிறார்கள். 800 மீட்டரை விட ஆபத்து நிச்சயம் கூடுதல். அதற்காகக் கவசத்தை மாட்டிவிட்டால்? பாட்டு மங்கும். ஒரு கால்பிடியில் காது நாடா இழுபட்டுத் துணி கண்ணுக்கு ஏறும். மண் ஒட்டிய கையால் அவன் அதை மறுபடி மூக்குக்கு இழுப்பான். இங்கே கவசம் விடையே இல்லை. தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கால் நகர்வு, போனஸ் கோட்டைக் கடந்து மீளுதல் என்று தனிப் பயிற்சி கொடுப்பதுதான் நேர்மையான வழி.

பள்ளி வேனில், உடை மாற்றும் அறையில், தண்ணீர்க் குழாயடியில், ஆட்டம் முடிந்து எல்லாரும் தோளில் கை போட்டு வட்டமாக நிற்கும்போது கவசம் தன் வேலையைச் செய்யும். மைதானத்தில் கறாராக மாட்டச் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் கண்ணாடி ஏற்றிய வேனில் முப்பது பிள்ளைகள் கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக் கத்திப் பாடிக்கொண்டு வருவதைக் கண்டுகொள்ளாமல் விடும் விதி, தொற்றைப் பற்றி யோசித்து எழுதப்பட்டதல்ல. பார்ப்பவர் கண்ணுக்காக எழுதப்பட்டது.

அடுத்த பெருந்தொற்று வேறு கிருமியாக இருக்கலாம். குழந்தைகளையே அதிகம் தாக்கும் இன்ஃப்ளுயன்சாவாகவும் இருக்கலாம். அப்போது இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஆகவே மைதானம் பற்றிய எந்த ஆணையிலும் காலாவதித் தேதி ஒன்று அச்சாக வேண்டும் என்று கேட்கிறோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதையும் அது சொல்ல வேண்டும். 'மாணவர்கள் அனைவரும் எந்நேரமும்' என்ற சொற்றொடரை ஒழித்துவிடலாம். கழற்றச் சொல்லும் அதிகாரம் களத்தில் நிற்கும் ஆசிரியருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பையன் திணறுவது கண்ணுக்குத் தெரிந்தாலும் அவர் தலைமையாசிரியருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

கழற்ற மாட்டேன் என்கிற பிள்ளையும் இருக்கும்: வீட்டில் நோயாளித் தாத்தா இருப்பார், அல்லது அதற்கே பயமாக இருக்கும். வற்புறுத்த வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், இடைவேளையைக் கூட்டுங்கள், நனைந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கவசத்தைக் கழற்றி, நிழலில் உட்கார வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையென்றால் இன்ஹேலர் மைதானத்திலேயே இருக்க வேண்டும், வகுப்பறைப் பையில் அல்ல.