காய்ச்சல் என்று யாரிடம் சொல்வது?



2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரில் ‘தொற்றுநோய் அமைப்பு’ என்னும் புதிய ஆணைபெற்ற கழகம் தன் பணியைத் தொடங்கியது. நம் ஜொகூர் பாருவிலிருந்து பார்த்தால் அது பாலத்திற்கு அப்பால் நடந்த ஒன்று. நாளேடுகளில் ஒருநாள் செய்தியாக வந்து மறைந்துபோனது. நம்மில் பலர் அதனைப் படித்திருக்கவும் மாட்டோம். ஆயினும், என் வகுப்பு மாணவர்களுள் பலரின் தந்தையர் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் அப்பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்கின்றவர்கள். அவர்கள் சிங்கப்பூர் வெள்ளியைக் கொண்டுவருவதைப் போலவே அங்குள்ள சளிக்காய்ச்சலையும் வீட்டுக்குக் கொண்டுவருவர்; இங்குள்ளதை அங்குக் கொண்டுசெல்வர். ஆகவே, இச்செய்தி நமக்கு அயல்நாட்டுச் செய்தியன்று.

சுகாதார அமைச்சு, தேசியத் தொற்றுநோய் நிலையம், சுகாதார மேம்பாட்டு வாரியம் எனப் பிரிந்து கிடந்த தொற்றுநோய்ப் பொதுநலப் பணிகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்ததுதான் இப்புதிய அமைப்பு. நோயாளிக்கு மருத்துவம் பார்ப்பது அதன் வேலையன்று. நோய் வருவதைக் கண்காணிப்பது, வந்தால் எவ்வளவு தீங்கு செய்யும் என்று மதிப்பிடுவது, ஆயத்தமாக இருப்பது, பரவினால் அடக்குவது ஆகியனவே அதன் பொறுப்பு. 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் படிப்பினையால் எழுந்த 330 படுக்கைகள் கொண்ட தொற்றுநோய் நிலையம் 2019 செப்டம்பரில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. ஐந்து மாதம் கூட ஆகவில்லை, கோவிட் வந்து கதவைத் தட்டியது. பின்னர் 2023இல் வெள்ளை அறிக்கை, 2025இல் இந்த அமைப்பு. ஒழுங்குக்குப் பெயர்போன அந்தச் சிறிய தீவுக்கே சார்ஸிலிருந்து இவ்விடம் வந்துசேர 22 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் இத்தகைய நடுவம் ஒன்று வேண்டும் என்னும் பேச்சு கோவிட் காலந்தொட்டே இருந்து வருகின்றது. ஆசிரியர் அறையில் இதனைப் பற்றிப் பேசியபோது மூத்த ஆசிரியர் ஒருவர், “சார், அமைச்சு இருக்க இன்னொரு ஆபீஸ் எதற்கு? பெயர்ப்பலகை மாறும், நாற்காலி மாறும், வேறென்ன மாறும்?” என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 2013இல் தொடங்கிய பொதுச் சுகாதார அமைப்பைக் கோவிட் கொடுமையின் நடுவே, 2020 ஆகஸ்டில், கலைக்கப்போவதாக அறிவித்தார்கள். தீப்பற்றி எரியும்போது தீயணைப்பு நிலையத்தின் பெயரை மாற்றிய கதைதான் அது! ஆனால், தென்கொரியாவைப் பாருங்கள். 2015இல் மெர்ஸ் நோயால் 186 பேர் பாதிக்கப்பட்டு 38 பேர் மாண்டனர். மறு ஆண்டே நோய்க்கட்டுப்பாட்டு நடுவத்தின் தலைவருடைய பதவியைத் துணையமைச்சர் நிலைக்கு உயர்த்தினர். 2020 செப்டம்பரில் அதனைத் தனி முகமையாகவே ஆக்கினர். ஆக, அமைப்பு என்பது மருந்தன்று. அதற்கு அதிகாரமும் காதும் இருந்தால்தான் பயன்.

‘காது’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு.

1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் நெகிரி செம்பிலானில் படித்துக்கொண்டிருந்த மாணவன். புக்கிட் பெலாண்டோக் பக்கம் காய்ச்சலும் மூளை வீக்கமும் வந்து மனிதர்கள் மடிகிறார்கள் என்று ஊரெல்லாம் அச்சம். எங்கள் குடியிருப்புக்கும் புகையடிக்கும் வண்டி வந்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே சொன்னார்கள். கொசுவை ஒழிக்கப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும், மரணம் நிற்கவில்லை. நோய் 1998 செப்டம்பரிலேயே ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டியிருந்தது. இடையில் பன்றிகள் பேராவிலிருந்து தெற்கே விற்கப்பட, நோயும் அவற்றோடு லாரியேறி வந்தது.

பண்ணைக்காரர்களுக்குச் சில செய்திகள் கண்ணெதிரே தெரிந்தன. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். கொசு எல்லோரையும் கடிக்கும். ஆனால், சிறுவர்களை விடப் பன்றிகளோடு பழகிய பெரியவர்களே மிகுதியாக வீழ்ந்தார்கள். பக்கத்திலே வாழ்ந்தும் பன்றிகளை அண்டாத மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பன்றிகளோ ஒரு மைல் தொலைவுக்குக் கேட்குமாறு இருமிக்கொண்டிருந்தன. இவ்வளவும் ஊரார் அறிந்தவை. அவை மேலே போய்ச்சேர்ந்து முடிவாக மாறுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் அது முற்றிலும் புதிய நச்சுயிர் என்பதற்கான தடயத்தைக் கண்டார். மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே பறக்க நேர்ந்தது. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் இன்று உலகமே அதனை நிப்பா என்றழைக்கின்றது. நம் நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சீனர், பண்ணைகளில் கூலிவேலை செய்த நம்மவரும் அதில் உண்டு. ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

அன்று நம்மிடம் மருத்துவர் இல்லையா? ஆய்வகம் இல்லையா? 1900இலேயே கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கழகம் தொடங்கப்பட்ட நாடு இது. கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901இல் மல்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கியது உலகம் பாராட்டிய பணி. தோட்டங்களில் காய்ச்சலுக்குக் கொத்துக்கொத்தாக மடிந்த நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு அப்பணி பின்னாளில் வாழ்வளித்தது. ஆகவே, அறிவுக்குப் பஞ்சமில்லை. மனிதருக்கு ஒரு துறை, விலங்குக்கு ஒரு துறை, ஆய்வகம் வேறோரிடம் என்றிருக்க, துண்டு துண்டான செய்திகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும் மேசைதான் இல்லை. அந்த மேசைக்காகத்தான் தனி அமைப்பு வேண்டும் என்கிறேன்.

அந்த மேசைக்கு முதற்செய்தி எங்கிருந்து போகும்? மருத்துவமனையிலிருந்து என்பர். நான் ஒப்பமாட்டேன். வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து போகவேண்டும். காலை எட்டு மணிக்குள், எந்தத் தாமானில் எந்தப் பிள்ளைக்கு உடல்நலமில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். எந்த மருத்துவருக்கும் அவ்வளவு விரைவில் தெரியாது. பாலர்பள்ளி ஆசிரியைகளைக் கேளுங்கள். கை, கால், வாய்ப்புண் நோய்க்காக ஒவ்வொரு காலையும் பிள்ளைகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 2025 அக்டோபரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர் சளிக்காய்ச்சலுக்கு ஆளாகிச் சில பள்ளிகள் மூடப்பட்டன. அக்கணக்கு நாளேட்டில் வருவதற்கு முன்பே நம் பதிவேடுகளில் சிவப்பு மையில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரே வாரத்தில் ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. எல்லோருக்கும் காய்ச்சல், ஐவர் ஒரே அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள். ஓர் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் சொன்னேன். இன்னோர் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்குக் கேட்டால், பள்ளி வழியாகக் கடிதம் வரட்டும் என்றார்கள். தலைமையாசிரியர் அன்றே கடிதம் அனுப்பினார். பதில் வந்தபோது பிள்ளைகள் குணமாகித் தேர்வும் எழுதி முடித்துவிட்டார்கள்! நல்வாய்ப்பாக அது சாதாரணக் காய்ச்சல். நிப்பாவும் முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சலாகத்தானே தோன்றியிருக்கும்?

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். கோவிட் காலத்தில் எங்கள் பெற்றோர் புலனக் குழுவில் வேப்பிலை, மிளகு, தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்பது வரை வராத வதந்தி இல்லை. நல்ல தமிழில், அழகான எழுத்தில், நொடியில் வந்தன. அதிகாரப்பூர்வ விளக்கமோ மலாயிலும் ஆங்கிலத்திலும் முதலில் வரும். தமிழில் வருவதற்குள் வதந்தி மூன்று தாமானைச் சுற்றிவந்துவிடும். புதிய அமைப்பு எதுவாயினும் அதில் தமிழறிந்தோர் மொழிபெயர்க்க மட்டுமின்றி, மக்களின் கேள்விகளைக் கேட்டு மேலே சொல்லவும் அமர்த்தப்படவேண்டும். நான் தமிழாசிரியன் என்பதால் இதனைச் சொல்வதாக எண்ணவேண்டா. பாட்டிமார் கையில் வளரும் பிள்ளைகளுக்கு எப்போது தடுப்பூசி போடுவது என்று முடிவு செய்வது பல வீடுகளில் பாட்டிதான்.

இனிப் பாலத்தின் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய நாள் இரவுக்குள் துணிமணியோடு அக்கரைக்குப் போனவர்கள் பலர். என் மாணவன் ஒருவனின் தந்தையும் அவர்களில் ஒருவர். இரண்டு வாரம் என்று சொல்லிச் சென்றார். பையன் அப்போது ஒன்றாம் ஆண்டு. நில வழிச் சிறப்புப் பேருந்து 2021 நவம்பர் 29ஆம் நாள்தான் ஓடத் தொடங்கியது. பாலம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரலில். இடைக்காலத்தில் ‘என் குடும்பம்’ என்று வரையச் சொன்னேன். அம்மா, தங்கை, பூனை எல்லோரும் தரையில் நின்றார்கள். அப்பா மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள், தோள்வரை. அது கைப்பேசி என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

எல்லையை மூடியது தவறென்று நான் சொல்லவில்லை. அவ்வேளையில் வேறு வழியில்லாதிருந்திருக்கலாம். ஆனால், இவ்வளவு நீண்டதற்கு நோயை விட, இரு கரைக்கும் இடையே முன்கூட்டிய ஏற்பாடு ஒன்றும் இல்லாததே பெருங்காரணம் என்பது என் கருத்து. அக்கரையில் இப்போது பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்று இருக்கின்றது. இக்கரையில் அதனோடு நேரடியாகப் பேசும் அதிகாரம் பெற்றவர் யார், அடுத்த முறை நாள்தோறும் கடக்கும் தொழிலாளிக்கு என்ன வழி என்பதை நோயில்லாத இந்நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

அடுத்த மாதம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். கூரைக் கசிவு, சிற்றுண்டிச்சாலை விலை ஆகியவற்றுக்குப் பிறகு ‘பிற’ என்னும் தலைப்பில் இதனை எழுப்பப்போகிறேன். ஒரு வகுப்பில் ஒரே வாரத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே யாருக்கு, எந்த எண்ணில் சொல்வது என்று மாவட்டத்திடம் எழுத்தில் கேட்கவேண்டும் என்பது என் முன்மொழிவு. உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் கிடைத்தது என்பதை எனக்கும் தெரிவியுங்கள்.