கடன்காரன் சொல்லும் ஆறுதல்

சமீபத்தில் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய மூன்று பேராசிரியர்கள் தங்கள் பயண அனுபவத்தைச் சொன்னார்கள். ஒருவர், யாழ் நூலகத்தின் முன்னால் நின்றபோது பேச்சே வரவில்லை என்று முக்கால் மணி நேரம் பேசினார். இன்னொருவர், ஒடியல் கூழ் குடித்த கதையைச் சொன்னார். மூன்றாமவர், பல்கலைக்கழக வாசலில் ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்துக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமானது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்திருந்தார். காபி இடைவேளையில், "எப்படி இருந்தது கூட்டம்?" என்று கேட்டேன்.

"எங்கட ஆக்களைப் பார்க்க வாறது சந்தோசம்தான் அண்ணை. ஆனா வாற ஒவ்வொருத்தரும் எங்களுக்கு முன்னால அழுதிடுவினம். பிறகு நாங்கள்தான் அவையளைத் தேற்றி, தேத்தண்ணி குடுத்து அனுப்ப வேண்டிக் கிடக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

நான் படித்தது பி.காம். பெரிய தத்துவமெல்லாம் தெரியாது. வாங்கியவன் கணக்கில் பற்று, கொடுத்தவன் கணக்கில் வரவு என்ற ஒரு பாடம் மட்டும் மண்டையில் நிற்கிறது. நம் பேராசிரியர்களின் யாழ்ப்பாணப் பயணங்களுக்கு அப்படி ஒரு பேரேடு போட்டுப் பார்த்தால் என்ன?

முதலில் நாம் வாங்கியது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தபோது அதன் முதல் பட்டதாரிகள் இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, இன்னொருவர் சி.வை.தாமோதரம் பிள்ளை. கரையானுக்குப் போக இருந்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887-ல் கலித்தொகையை அச்சேற்றியவர் அதே தாமோதரம் பிள்ளைதான். அப்புறம் க.கைலாசபதியும் கா.சிவத்தம்பியும். கைலாசபதி, 1974-ல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். தமிழ் இலக்கியத்தை சமூக வரலாறாகப் படிக்க நம்மூர் ஆய்வாளர்கள் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த இருவர்தான்.

சரி, நாம் திருப்பிக் கொடுத்தது?

1987 அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக ஹெலிகாப்டரில் இந்திய ராணுவம் போய் இறங்கிய இடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானம். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் சுமார் முப்பது பேர். உயிரோடு பிடிபட்ட ஒரே ஒருவரைத் தவிர எல்லாரும் செத்தார்கள். பாவம், யாரோ போட்ட தப்புக் கணக்குக்கு அந்தப் பையன்கள் உயிரைக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து, தீபாவளி அன்று, இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெறும் ஆஸ்பத்திரி அது.

கைக்குட்டையில் மண் முடிந்து வந்த பெரியவருக்கு, அந்த மண்ணில் யாருடைய ரத்தமெல்லாம் கலந்திருக்கிறது என்று தெரியுமா? தெரிந்திருந்தால் மேடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? 1981-ல் நூலகத்தை எரித்தவர்களைப் பற்றி ஆவேசமாகப் பேசினார். பேசவேண்டியதுதான். 97 ஆயிரம் புத்தகங்கள் சாம்பலானதை மன்னிக்க முடியாது. ஆனால் 1987-ஐப் பற்றி மூவருமே வாயைத் திறக்கவில்லை. அடுத்தவன் செய்த பாவத்துக்கு அழுவது சுலபம் சார். கண்ணீருக்கு வரி கிடையாது.

இன்னொரு பெயரும் அந்த மேடையில் வரவில்லை. ராஜினி திராணகம. யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூறியல் துறைத் தலைவர். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், இயக்கங்கள் என்று யாரையும் விட்டுவைக்காமல் அத்தனை பேரின் குற்றத்தையும் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். கொன்றது புலிகள்தான் என்று அவரோடு சேர்ந்து எழுதிய சகாக்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். போருக்கு நடுவில் ஒரு பேராசிரியரின் வேலை என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? சக பேராசிரியர்களைப் பார்க்கப் போன மூன்று பேருக்கும் இந்தச் சக பேராசிரியர் நினைவுக்கே வரவில்லை. அவர் பெயரைச் சொன்னால் கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்ட மாட்டார்கள் என்பது காரணமாக இருக்காது என்று நம்புவோம்.

'போகாமலே இருந்துவிடச் சொல்கிறாயா?' என்று கேட்பீர்கள். அய்யய்யோ, போங்கள். விமானத்தில் பலாலி சுமார் ஒன்றரை மணி நேரம்தான். எப்படிப் போகவேண்டும் என்பதுதான் என் சண்டை.

போஸ்னியாவில் சரயேவோ நகரம் முற்றுகையில் இருந்தபோது, 1992 மே மாதம் அங்கிருந்த கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தைக் குண்டு போட்டு எரித்தார்கள். அரபு, பாரசீகம், துருக்கி மொழிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் ஒரே நாளில் போயின. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த சில பேராசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். போருக்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கு ஆய்வுக்காகப் போன வெளிநாட்டு அறிஞர்கள் ஜெராக்ஸும் மைக்ரோஃபிலிமும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் அல்லவா? அவர்களைத் தேடிப்பிடித்து, 'உங்கள் அலமாரியில் கிடப்பதில் ஒரு பிரதி கொடுங்கள்' என்று கேட்டார்கள். எரிந்துபோனதில் சின்னப் பகுதிதான் கிடைத்தது. ஆனாலும் ஒன்றுமே இல்லாத இடத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. கடனைத் திருப்பிக் கொடுப்பது என்றால் இதுதான்.

சென்னையில் இதைச் செய்ய என்ன தடை? ஈழத்தில் அச்சான பழைய புத்தகங்கள், பத்திரிகைகள், மலர்கள் நம் பல்கலைக்கழக நூலகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் கிடக்கின்றன. 2005-லிருந்து 'நூலகம்' என்ற மின்நூலகத்தில் ஈழத்துத் தன்னார்வலர்கள் கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வாங்கும் நாம் ஒரு பட்டியலாவது எடுத்தோமா? இதற்கு வெளியுறவுத் துறை அனுமதி வேண்டாம். ஸ்கேனர் ஒன்று, அதன் முன்னால் உட்கார ஆள் ஒன்று. போதும்.

ஆய்வுக்கும் இதே கணக்குதான். அங்கே போய்க் கதைகளைப் பதிவு செய்துகொண்டு வந்து, இங்கே தன் பெயரில் மட்டும் கட்டுரை போடுவதற்குப் பெயர் ஆய்வு இல்லை, கொள்முதல். கூட அலைந்த யாழ்ப்பாணத்து விரிவுரையாளரின் பெயரையும் கட்டுரையில் சேர்த்துப் போடுங்கள். அங்கே ஆய்வு செய்யும் பிள்ளைகளில் ஒருவருக்காவது மாதம் ஒரு தடவை போனிலாவது வழி காட்டுங்கள்.

கிளம்பும்போது அந்த விரிவுரையாளரிடம், "உங்களுக்கு இங்கேயிருந்து என்ன வேணும்?" என்று கேட்டேன். ஒரு பழைய ஆய்விதழின் சில தொகுதிகள் என்றார். யாழ்ப்பாணம் வந்த ஒரு பேராசிரியரிடம் கேட்டாராம். "கண்டிப்பா அனுப்பறேன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாராம். இரண்டு வருஷம் ஆகிறது.

"அவர் இன்னைக்கு மேடையில் இருந்தாரா?"

"அதை விடுங்கோ அண்ணை" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

நான் விடுவதாக இல்லை. ஐயா, அடுத்த முறை போகும்போது கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு போங்கள். வெறுமையாக இல்லை, நிரப்பி.