நற்கருணை நார்சா அன்று

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் ஊர்களில் கிறித்தவர் வீட்டுப் ‘புதுநன்மை’ விருந்துக்கு நாமும் அழைக்கப்படுவதுண்டு. ஆனால் ஆலயத்தில் வழங்கப்படும் நற்கருணையைச் ‘சர்ச்சு நார்சா’ என்பது பிழை. அதனை நாம் மறுக்கிறோம்.

நார்சா, ஓதியபின் எல்லார்க்கும் பகிரும் தின்பண்டம். நற்கருணையோ, அப்பமும் இரசமும் இயேசுவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்னும் கத்தோலிக்க நம்பிக்கை. சி.எஸ்.ஐ. திருச்சபையார் இச்சடங்கைத் திருவிருந்து என்பர். அல்மாயிதா அத்தியாயத்தின் 112 முதல் 115 வரையான வசனங்களில் ஈஸா (அலை) அவர்களிடம் சீடர்கள் வேண்டியது உணவுத் தட்டே. உடலும் இரத்தமும் அங்கில்லை.

திருமுழுக்குப் பெறாதோர்க்குக் கத்தோலிக்கரே நற்கருணை வழங்குவதில்லை. எனவே வாங்காதிருத்தல் அவமதிப்பாகாது. பொருளறியாது கைநீட்டுவதே இரு மார்க்கங்களுக்கும் இழுக்கு. அண்டை வீட்டு விருந்தில் ஹலாலானதை மகிழ்ந்து உண்போம். அவர்தம் நம்பிக்கையை ஏளனம் செய்யோம். நம் ஈமானையும் கலப்படம் செய்யோம்.