புராணத்தில் உஷ்ணமானி உண்டோ?

"கருந்துளை நம் புராணத்திலேயே உண்டு" எனப் பினாங்குப் பிரசங்கிகள் சிலர் முழங்குகின்றனர். அன்பர்களே! அதன் உஷ்ணம் இவ்வளவென்று எப்புராணம் கூறிற்று? ஹாக்கிங் 1974-இல் கணக்கிட்டுக் கூறினார்: சூரியனுக்கொத்த நிறையுள்ள கருந்துளையின் உஷ்ணம், பூரணக் குளிர்நிலைக்கு மேல், ஒரு டிகிரியின் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு, நிறை பெருகப் பெருக உஷ்ணம் குன்றும்.

பெருமை வேண்டுமாயின், சென்னையிற் கற்ற சந்திரசேகரைக் காட்டுவோம். ஓர் எல்லைக்கு மிஞ்சிய நிறையோடு அவியும் விண்மீன் நிலைகொள்ளாதென, 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே கணக்கிட்டார். 1935-இல் இலண்டன் சபையிலே புகழ்பெற்ற எடிங்டன் எள்ளி நகைத்தார்; 1983-இல் நோபல் பரிசு சந்திரசேகரைத் தேடி வந்தது. வென்றது பெயரன்று, கணக்கு!

தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் பிள்ளைகளின் அறிவுப்பசிக்குப் பழங்கதை பரிமாறுவோரை நாம் கேட்பது ஒன்றே: கணக்கு எங்கே?